துரு தெரிகிற பக்கம்

2023 ஆகஸ்ட் 8, செவ்வாய்க்கிழமை காலை, மலேசியாவின் ஜொகூர் மாநிலம் செனாய் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் ஒரு பட்டறைக்கு, தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. எஞ்சினுக்குத் தண்ணீர் போகும் ரப்பர் ஹோஸில் கசிவு.

ஓட்டி வந்தவள் உமாதேவி. அந்த வேனில் எஞ்சின் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருந்தது. அவள் இறங்கியதும் மெக்கானிக் வீரமுத்து இருக்கையைத் தூக்கிப் பின்னால் சாய்த்துக் கட்டினார். சூடு முகத்தில் அடித்தது.

"சின்ன வேலதானண்ணே?"

"ஹோஸ மாத்துனா முடிஞ்சிச்சிம்மா. போயி பசியாறிட்டு வா."

"ரெண்டாவது ஷிப்ட்டு ஆளுங்கள ஏத்தணும். ஒரு ட்ரிப் விட்டாலும் சீட்ட விட்டு எறக்கிருவேன்னு பாஸ் சொல்லிட்டாரு. ஆம்பள ட்ரைவருங்களுக்கு அப்படி ஒண்ணும் சொல்லல, எனக்கு மட்டுந்தான்."

"மத்தியானத்துக்குள்ள ஓடும்லா."

அந்த இருக்கைக்கு வருவதற்கு முன் உமாதேவி அதே தொழிற்சாலையில் பல வருடம் நின்றபடி பெட்டி கட்டியவள். காலில் நரம்பு சுருண்டுகொண்ட பிறகுதான் ஆள் ஏற்றும் லைசென்ஸ் எடுத்தாள். வேனின் சொந்தக்காரர் முருகப்பன் அவளைச் சேர்த்துக்கொண்டபோது, "பொண்ணுங்களுக்குப் பொண்ணே ஓட்டுனா பாக்டரியில நல்ல பேரு" என்றார்.

பழைய ஹோஸ் கல் மாதிரி இறுகி, எஞ்சினிலிருந்து நீண்டிருந்த சிறு இரும்புக் குழாயான நிப்பிளோடு ஒட்டிப்போயிருந்தது. அப்படிப்பட்ட ஹோஸைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுக்க வேண்டும். அது வீரமுத்துவுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பட்டறையில் பழைய ஹோஸை வெட்டக் கூடாது. முழுதாகக் கழற்றி சாமான் கடைக்கு அனுப்பினால்தான் அதே வளைவில் புதியது கிடைக்கும். வெட்டிய ஹோஸுக்கு அளவு தப்பிப்போய், வேலையாட்கள் தவுக்கே என்று கூப்பிடும் முதலாளி நவ்சாத் இரண்டு தடவை கடைக்கு நடந்திருக்கிறார். போன மாதம் வீரமுத்து ஒரு போல்ட்டை முறித்ததற்கும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருக்கவும் நேரமில்லை. பெரிய குறடால் ஹோஸைக் கவ்வி இடமும் வலமும் திருகினார். அசையவில்லை. உடம்பின் கனத்தையெல்லாம் கொடுத்து இன்னொரு முறை திருகினார். உள்ளே ஏதோ முறிந்தது. ஹோஸ் கையோடு வந்தது, நிப்பிளின் பாதியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு. மீதி எஞ்சினின் துளைக்குள் நின்றுவிட்டது.

உடைந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு பக்கம் அரித்து, பழுப்பேறி, விரலால் தேய்த்தால் உதிர்ந்தது. மறுபக்கத்தில் விளிம்பு வெள்ளையாகப் பளபளத்தது. அந்தப் பக்கம் துருவால் போனதல்ல.

"அண்ணே, தே ஓ." உமாதேவி பிளாஸ்டிக் பையில் கட்டிய பால் சேர்க்காத டீயைக் கதவுக் கைப்பிடியில் மாட்டினாள். "சீனி கொறச்சிப் போடச் சொன்னேன். ஒங்களுக்கு இனிப்பு ஆவாதுன்னு சொன்னீங்கள்ல?"

"ம்." அவர் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "உள்ள நிப்பிள் போயிருச்சிம்மா. கொஞ்சம் நேரம் புடிக்கும்."

"அலமாக்! எவ்வளவு நேரம்ணே?"

அவர் குனிந்துகொண்டார்.

நவ்சாத் வந்து துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "என்னாய்யா இது, ஒடச்சிட்டியா?"

"தொட்டதும் கையில வந்துருச்சி தவுக்கே. உள்ளுக்குள்ளயே அரிச்சிப் போயிருக்கு."

நவ்சாத் உமாதேவி பக்கம் திரும்பினார். "ரேடியேட்டர்ல என்னா ஊத்துறே?"

"பைப்புத் தண்ணி."

"துரு புடிக்காம இருக்க கூலண்ட் ஊத்தறதில்லியா?"

நவ்சாத் முருகப்பனுக்குப் போன் போட்டார்.

கழற்றிய சாமானை வண்டிக்காரருக்குக் காட்ட வேண்டும் என்பது பட்டறை வழக்கம். முருகப்பன் வந்து இறங்கியபோது, வீரமுத்து பையிலிருந்து துண்டை எடுத்துத் தகரத் தட்டில் வைத்தார். வைத்த பிறகு விரலால் அதைப் புரட்டிவிட்டார். துரு மேலே வந்தது.

முருகப்பன் குனிந்து பார்த்தார். "கூலண்ட் ஊத்தச் சொன்னனா இல்லியா?"

"நீங்கதான பாஸ்…" அவள் குரல் இறங்கியது. "நா கூலண்ட் கேட்டப்ப, இந்த வெயிலுக்கு எல்லாம் ஒண்ணுதான், பைப்பத் தொறந்து ஊத்துன்னு…"

"நானா? என் வண்டிக்கு நானே வெஷம் வைப்பனா? எப்ப சொன்னேன், யாரு முன்னாடி சொன்னேன்?"

பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்த லோரி ஓட்டுநர் சிரித்தான். "ரசத்துக்கு ஊத்துற தண்ணிய ஊத்திருச்சி போல!" பக்கத்திலிருந்தவனும் சிரித்தான். நவ்சாத்தின் வாயோரத்திலும் சிரிப்பு வந்து போனது.

உமாதேவியின் கழுத்து சிவந்தது. அவள் தட்டைப் பார்த்தாள். பிறகு வீரமுத்துவைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. காலையில லேசாத்தான ஒழுகிச்சி? ஆள ஏத்திக்கிட்டு கூலாய்லேருந்து நல்லாத்தான ஓடி வந்துச்சி? கை பட்டா வந்துருமா?"

வீரமுத்துவின் கட்டைவிரல் தட்டின் ஓரத்தில் இருந்தது. டீப் பை கைப்பிடியில் தொங்கியது. அவர் இன்னும் அதைப் பிரிக்கவில்லை.

"துரு புடிச்சிட்டா அப்பிடித்தாம்மா," என்றார்.

அவளுடைய போன் அடித்தது. முருகப்பன் காட்டிய சைகையில் அவள் ஸ்பீக்கரைப் போட்டாள். "உமாக்கா, எங்க இருக்கீங்க?" தினமும் அவள் வேனில் ஏறும் மலரின் குரல். "ரோட்டுல வெயில்ல நிக்கிறோம். சூப்பர்வைசரு ரெண்டு தடவ கூப்பிட்டுட்டாரு."

முருகப்பன் போனை வாங்கி, "வேற வண்டி வருதும்மா," என்று சொல்லி வைத்தார். தன் போனில் இன்னொரு ஓட்டுநரான மாஹிரைக் கூப்பிட்டார். பேசி முடித்ததும் உமாதேவியிடம் கை நீட்டினார். அவள் வேன் சாவியை வளையத்திலிருந்து கழற்ற முயன்றாள். நகம் வழுக்கியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அதைக் கழற்ற அவளுக்கு நேரம் பிடித்தது. வீட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஸ்டாப் இருக்கும் பக்கம் நடந்தாள்.

வீரமுத்து துளைக்குள் நின்ற மீதியை எடுக்க உட்கார்ந்தார். நூல் கட்டிய துணித் திரியை உள்ளே அடைத்தார், தூள் எஞ்சினுக்குள் விழாமல் இருக்க. ரம்பத் தகட்டின் துண்டில் கிரீஸ் தடவி, நிப்பிளின் சுவரை உள்ளிருந்து மெல்ல அறுத்தார். துளையின் சுவரில் ரம்பப் பல் பட்டால் எஞ்சின் தலையே கெட்டுவிடும். தகட்டை வெளியே எடுத்து, கிரீஸில் ஒட்டிய தூளைத் துடைத்து, மறுபடி விட்டார். வியர்வை கண்ணில் இறங்கியது. ஓரிடத்தில் கீறல் முழுதாக விழுந்ததும் சிறிய உளியை வைத்துத் தட்டினார். வளையம் உள்பக்கமாக மடங்கியது. மூக்குக் குறடால் அதைச் சுருட்டி இழுத்தபோது முழுதாக வெளியே வந்தது. துளையில் ஒரு கீறல் இல்லை.

நவ்சாத் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"பாத்தீங்களா முருகப்பண்ணே? வேற எடமா இருந்தா எஞ்சின எறக்கணும்னு சொல்லியிருப்பானுங்க. நம்ம வீரமுத்து கைவேலன்னா கைவேலதான்."

"அண்ணனுக்கு ரொம்ப நன்றி," என்றார் முருகப்பன். கை கொடுக்க வந்தார். வீரமுத்து எண்ணெய்க் கையைக் காட்டித் தலையை மட்டும் அசைத்தார். பிறகு பின்பக்கக் குழாயடிக்குப் போய், கை சுத்தமான பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து அந்த வேனை மாஹிர் ஓட்டினான். அடுத்த மாதம் உமாதேவி பழைய தொழிற்சாலையிலேயே பெட்டி கட்டும் பிரிவில் சேர்ந்தாள். அவள் வீட்டுப் பக்கம் வேறு வண்டி வருவதில்லை. காலையில் அதே வேன் வந்து நிற்கும். மலர் நகர்ந்து இடம் கொடுப்பாள். உமாதேவி பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து வேலைக்குப் போவாள்.