கிழக்கு மூலையில் ரெண்டு விரல்

குமிழி என்று கேட்டால் கட்டட சைட்டில் எல்லாரும் இவனைக் கை காட்டுவார்கள். சொந்தப் பேரைச் சொன்னால் கேட் வாட்ச்மேனே யாருப்பா அது என்பார். ரசமட்டத்துக்குள் ஓடுமே ஒரு காற்றுக் குமிழி, அது நடுவில் நிற்காத எதைப் பார்த்தாலும் இவனுக்குக் கை அரிக்கும். மாமனார் வீட்டுக்கு முதல்தடவை போன அன்றைக்கே நிலைவாசல் அரை விரல் சாய்ந்திருக்கிறது என்று சொல்லித் தொலைத்தான். அந்த மனுஷன் இன்றுவரை இவனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அப்பேர்ப்பட்டவன், சைட்டின் மெஷின்களையும் லேசரையும் பார்த்துக்கொள்கிற மெக்கானிக், மூன்று நாளாக ஒரு விஷயத்தை வயிற்றுக்குள் அமுக்கி வைத்துக்கொண்டு திரிகிறான். தரை மட்டம் பார்க்கும் லேசர் கருவியைக் கீழே போட்டுவிட்டான்.

பெரிசாக ஒன்றும் விழவில்லை, இடுப்பு உயரம்தான், ஜல்லி மேல்தான். முக்காலியிலிருந்து கழற்றும்போது போன் அடித்தது, ஒரு கையை எடுத்தான், அவ்வளவுதான். எடுத்துத் துடைத்து ஆன் பண்ணினால் கருவியின் தலை சுழல்கிறது, பச்சை விளக்கு எரிகிறது. சுற்றுமுற்றும் பார்த்தான், யாரும் பார்க்கவில்லை. விழுந்த லேசரைத் திருப்பி வைத்துப் பரிசோதிக்காமல் வேலைக்குத் தரக்கூடாது என்று ஊருக்கே பாடம் எடுப்பவன் இவன். அதற்கு ஒரு மணி நேரம் ஆகும், கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். பச்சைதான் எரிகிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி முக்காலியில் ஏற்றிவிட்டான்.

இந்த லேசர் சுற்றிச் சுற்றி ஒரு மட்டத்தில் ஒளி வீசும். மண்ணைச் சீவிச் சமப்படுத்தும் கிரேடர் வண்டியின் பிளேடு மேல் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு ரிசீவர். ஒளி பட்ட இடத்தை வைத்துப் பிளேடு தானாக ஏறும், இறங்கும். டிரைவர் வண்டியை நேராக ஓட்டினால் போதும், தரை தட்டு மாதிரி வந்துவிடும். லேசர் பொய் சொன்னால் தரையும் பொய் சொல்லும்.

டிரைவர் வேறு யாருமில்லை, குமிழியின் அக்கா புருஷன். இருபத்திரண்டு வருஷமாகப் பிளேடு பிடிக்கிறவர்.

இன்றைக்குக் காலை பத்து மணிக்கு இன்ஜினியர் மேடம் தன் சொந்தக் கருவியை வைத்து அளந்து பார்த்தார். சமப்படுத்திய தரையின் கிழக்கு மூலை தூக்கி நிற்கிறது. நாளைக் காலை ஆறு மணிக்குக் கான்கிரீட் லாரிகள் வரிசை கட்டி வரப்போகின்றன.

"லேசர் எப்படி இருக்கு?" என்று குமிழியைக் கேட்டார்.

"பக்காவா இருக்கு மேடம்," என்றான். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்போ உங்க மாமா ஆட்டோ மோடை ஆஃப் பண்ணிட்டு, கையாலயே லெவல் பண்ணியிருக்கார். புழுதியில சிக்னல் போனா அப்படிப் பண்றது வழக்கம்தானே. எதுக்கும் மெஷினை முழுசாப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

முழுசாகப் பார்த்தான். அடடா, எப்படிப் பார்த்தான் தெரியுமா! ரிசீவர் கண்ணாடியை மூன்று தடவை துடைத்தான். கம்பத்தின் கவ்வியை முறுக்கினான். கேபிளை மாற்றினான், பழைய கேபிளில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அதையே திருப்பி மாட்டினான். பிளேடின் வெட்டு விளிம்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்தான். ஆயில் வால்வைத் தட்டிப் பார்த்தான், பேட்டரியைப் புதுசாகப் போட்டான். லேசரைத் தவிர மீதி எல்லாவற்றையும் பார்த்தான். முக்காலி பக்கம் போனால் கால் தானாகத் திரும்பி வேறு பக்கம் நடந்தது. ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. டீயை வாங்கினான், ஒரு வாய் குடித்தான், எங்கேயோ வைத்தான். பிறகு அந்த டம்ளரைத் தேடியே பத்து நிமிஷம் போயிற்று.

அந்த நேரம் பார்த்து அக்கா போன்.

"டேய், மாமா சாப்பாட்டுப் பையை விட்டுட்டுப் போயிட்டார்டா. அங்க ஏதாவது பிரச்னையா?"

"ஒண்ணுமில்லக்கா. ஏன்?"

"மூணு நாளா ஆளே சரியில்ல. ராத்திரி புரண்டு புரண்டு படுக்கிறார். காலைல வாசல்ல நின்னு, ஒரு கண்ணைக் கையால மூடிக்கிட்டு எதிர்வீட்டு ஜன்னலைப் பாக்கிறார். அப்புறம் இன்னொரு கண்ணை மூடிக்கிட்டுப் பாக்கிறார். என்னங்கன்னு கேட்டா தூசிங்கிறார். எனக்குப் பயமா இருக்குடா."

மாமாவுக்குப் போன வருஷம் இடது கண்ணில் புரை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது குமிழிதான். ஆபீசுக்குச் சொல்லவில்லை. தெரிந்தால் வண்டியில் ஏற விடமாட்டார்கள், கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதச் சொல்லிவிடுவார்கள். வண்டியை விட்டு இறங்கினால் அந்த மனுஷன் உடைந்துபோவார் என்று அக்காவுக்கும் தெரியும், இவனுக்கும் தெரியும்.

"நான் பாத்துக்கறேன்க்கா," என்று போனை வைத்தான்.

மேடத்தின் அறைக்குப் போனான். தகரக் கண்டெய்னருக்குள் ஒரு மேஜை, ஒரு ஃபேன், சுவர் முழுக்க வரைபடங்கள். மாமா மேல் தப்பு இருக்காது, இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று கேட்கத்தான் போனான். உள்ளதைச் சொன்னால், லேசர் விழுந்த கதையைச் சொல்ல அவன் போகவில்லை.

"நேரம் எதுக்கு?" என்றார் மேடம். "நான் அளந்ததைச் சொல்றதுக்கு முன்னாடியே உங்க மாமாவே வந்து சொல்லிட்டாரே. கண்ணு முன்ன மாதிரி இல்ல, நாளைலேருந்து வேற ஆளைப் போடுங்கன்னார். பாவமா இருந்துச்சு. நல்ல கை அவருக்கு. தலைமை ஆபீசுக்கு மெயில் போட்டுட்டேன்."

"அவரே சொன்னாரா?"

"அரை மணி நேரம் முன்னாடி. இங்கதான் நின்னார்."

காலையிலிருந்து முக்காலியைக் கண்டு திரும்பிய குமிழியின் கால் இந்தத் தடவை திரும்பவில்லை. வெளியே வந்தான், நேராக முக்காலிக்குப் போனான்.

லேசரிலிருந்து நாற்பது மீட்டரில், கிழக்கு மூலையை ஒட்டி, பழைய ஷெட்டின் செங்கல் சுவர். கையில் பிடிக்கிற சின்ன ரிசீவரோடு அங்கே நடந்து, ஒளி படுகிற உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்தான். திரும்பி வந்து லேசரின் முகத்தை அப்படியே பின்பக்கமாகத் திருப்பி வைத்தான். மறுபடி சுவருக்கு நடந்தான். லேசர் யோக்கியமாக இருந்தால் இரண்டாவது கோடு முதல் கோட்டின் மேலேயே விழ வேண்டும். விழவில்லை. இரண்டுக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி. அதில் பாதிதான் உண்மையான பிசகு. நாற்பது மீட்டருக்கு ரெண்டு விரல்.

சந்தேகத்துக்கு இன்னொரு தடவை செய்து பார்த்தான். அதே நான்கு விரல்.

தினமும் காலையில் தரையில் அடித்து வைத்த அதே ஆணியின் மேல் முக்காலியை நிறுத்தி, அதே பக்கம் முகத்தை வைத்தது இவன்தான். அதனால்தான் பிசகு மூன்று நாளும் ஒரே மூலையில் போய்ச் சேர்ந்தது.

கண்டெய்னருக்குள் திரும்பப் போய், உட்காராமலே சொன்னான். "மேடம், லேசர்ல கோளாறு. மூணு நாளைக்கு முன்னாடி நான் கீழ போட்டேன். செக் பண்ணல. உங்ககிட்டச் சொல்லவும் இல்ல. மாமா ஆட்டோ மோடைத் தொடவே இல்ல."

"காலைல கேட்டேனே," என்றார் மேடம்.

"கேட்டீங்க."

"சரி, லேசர் தப்பு. ஆனா அவர் கண்ணு சரியில்லைன்னு அவர் வாயாலயே சொல்லியிருக்காரே, அதை நான் என்ன பண்றது? சொன்னதைச் சொல்லலன்னு எழுத முடியுமா?"

மேடம் தன் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். இருவரும் வண்டிக்கு நடந்தார்கள்.

மாமா இன்ஜினை நிறுத்திவிட்டு, கேபினைத் துடைத்துக்கொண்டிருந்தார். தன் முதுகுக்கு வைத்துக்கொள்ளும் சின்னத் தலையணை, துண்டு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்திருந்தார். நாளைக்கு வருகிறவனுக்கு சீட் சுத்தமாக இருக்க வேண்டுமாம். குமிழி எதிரிலேயே நின்று, லேசர் விழுந்ததிலிருந்து மறைத்ததுவரை சொன்னான். எவ்வளவு பிசகு என்பதை மட்டும் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவில்லை.

மாமா துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"மூணு நாளாவா?"

"ஆமா மாமா."

"முதல் நாளே பாத்தேன்," என்றார் மாமா. "அந்தச் சுவத்துச் செங்கல் வரிசையோட சேத்துப் பாத்தா, இந்த மூலை தூக்கித் தெரிஞ்சுது. இறங்கிப் போய்க் குனிஞ்சு பாத்தேன். அப்பவும் தூக்கித்தான் தெரிஞ்சுது. ஆனா லேசர் நீ வச்சது. அரை விரலுக்கு மாமனாரையே பகைச்சுக்கிட்டவன் நீ. நீ வச்சது சாயாது, அப்போ என் கண்ணுதான் போயிடுச்சுன்னு முடிவு பண்ணிட்டேன்."

அடித்திருந்தால்கூடக் குமிழி வாங்கிக்கொண்டிருப்பான். தலையைக் குனிந்துகொண்டு ஜல்லியையே பார்த்தான்.

மேடம்தான் பேசினார். "எவ்வளவு தூக்கித் தெரிஞ்சுது?"

மாமா கேபின் படியில் நின்றபடியே கிழக்கு மூலையைப் பார்த்தார். கண்ணை மூடவில்லை, இடுக்கவும் இல்லை. "ரெண்டு விரல் இருக்கும்."

குமிழி நிமிர்ந்தான். மேடம் மூலைக்கு நடந்து, கருவியை நிறுத்தி, காலையில் குறித்த கணக்கோடு ஒருமுறை சரிபார்த்தார். திரும்பி வந்து தன் ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் சேர்த்துக் காட்டினார்.

"பழைய ஆபரேஷன் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"போன வருஷம். இடது கண்ணு," என்றார் மாமா. இனி எதை மறைக்க.

"அதையும் எழுதறேன். இந்த ரெண்டு விரலையும் எழுதறேன். டாக்டர்கிட்ட அனுப்புவாங்க, போயிட்டு வாங்க." பிறகு குமிழியைப் பார்த்தார். "உங்க பேரையும் எழுதணும்."

"எழுதுங்க மேடம்."

"அது வரைக்கும் வண்டி யாரு ஓட்டறது? காலைல ஆறு மணிக்கு லாரி."

மாமா பையிலிருந்து தலையணையை எடுத்து சீட்டில் போட்டார். குமிழி முக்காலிக்கு ஓடினான். லேசரைத் திருத்தும் பட்டனை அமுக்கி அமுக்கி, கோடும் கோடும் நடுவில் சேரும்வரை ஆறு தடவை சுவருக்கும் முக்காலிக்கும் நடந்தான். ஆறாவது தடவை ஒரே கோடாக நின்றது. வண்டிப் பக்கம் கையைத் தூக்கிக் காட்டினான்.

வண்டி கிளம்பவில்லை. மாமா கதவைத் திறந்து வெளியே தலையை நீட்டி, அந்தச் செங்கல் வரிசையை ஒரு தடவை தன் கண்ணால் பார்த்தார். அப்புறம்தான் சாவியைத் திருப்பினார்.

"உங்க அக்கா என்னைக் கேப்பா," என்று இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினார். "நான் சொல்லமாட்டேன். நீயே போன் பண்ணு."

தலைமை ஆபீசுக்குப் பதில் சொல்வதே தேவலை என்று தோன்றியது குமிழிக்கு. போனைக் கையில் வைத்துக்கொண்டு ஷெட் சுவர் ஓரம் நாலு நடை நடந்தான். பிறகு நின்று நம்பரை அழுத்தினான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"என்னடா? மாமாவுக்கு என்ன ஆச்சு?"

"மாமாவுக்கு ஒண்ணும் ஆகலக்கா," என்றான். "நான்தான் லேசரைக் கீழ போட்டுட்டேன்."