பனியன் துணியில் வடிகட்டிய பெட்ரோல்

1

அவிநாசியப்பர் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய்யென்று நிரூபிப்பவர்களுக்கு, புரை அறுக்காத என் இடது கண்ணை எழுதிக் கொடுத்துவிடுகிறேன். கதையை எனக்குச் சொன்னவர் அருள்புரத்தில் நிட்டிங் மெஷின் வைத்திருந்த மருதாசலம். சொன்ன இடம் பல்லடம் ரோட்டு பேக்கரி. வருடம் தொண்ணூற்றொன்று. தேங்காய் பன் அவர்தான் வாங்கிக் கொடுத்தார். அதற்காக நான் நம்பவில்லை. [அதற்காகவும்தான்.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அலைகடலின் மேலே தன்னந்தனியாக ஒரு சிறு விமானம், தாய்ப்பறவையைத் தேடும்...'

அடித்துவிட்டேன். நான் கடலில் முழங்கால் ஆழத்துக்கு மேல் இறங்கியதில்லை. மருதாசலம் அதுவும் இல்லை. கதை அவரோடு, வீட்டை ஒட்டிய பனியன் கம்பெனியிலேயே இருக்கட்டும்.

அவர் மகன் லிங்கசாமி டெக்ஸ்டைல் படிக்க அமெரிக்கா போய், விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டவன். அங்கே கிழடு தட்டிப்போன ஒற்றை எஞ்சின் விமானங்களை ஆப்பிரிக்காவில் யாராவது வாங்குவார்கள். பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பெட்ரோல் டேங்கை வைத்து, ஒற்றை ஆளாகக் கடலைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதுதான் அவன் வேலை. பாதி வழிக்கு மேல் திரும்ப முடியாது. இறக்கையில் பனிக்கட்டி பிடிக்கும். எதிர்காற்று அடித்தால் பெட்ரோல் பத்தாது. எஞ்சின் நின்றால் ரப்பர் உடுப்போடு தண்ணீரில் மிதந்துகொண்டு, யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

(அடிக்குறிப்பு: இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பையன் சொல்லாம வேற யாருங்க சொல்லுவா?" என்றார்.)

3

ஒரு சாயங்காலம், கடலைத் தாண்டும் முன் கடைசியாக இறங்குகிற கனடாவிலிருந்து போன். அங்கே அப்போதுதான் காலை.

"அப்பா, இப்பக் கெளம்பறனுங்க. உள்ள வெச்ச டேங்க்கு பழசு. பெட்ரோல் வந்த பேரலும் ஒரே துரு. நீங்க பெட்டீல வெச்சு உட்ட பனியன் துணியக் கட்டித்தான் வடிகட்டி ஊத்துனனுங்க."

"அப்படிப் போடு கண்ணு! அந்த மாதிரித் துணி அமெரிக்காக்காரன் கண்ணுல பாத்திருப்பானா?"

போனை வைத்த பிறகும் மருதாசலம் சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் எதையும் பனியன் துணியில்தான் துடைப்போம், வடிகட்டுவோம். டீத்தூள், தேங்காய் எண்ணெய், ஜெனரேட்டருக்கு ஊற்றுகிற டீசல். இப்போது அட்லாண்டிக்குக்கும் அதுவேதான்.

"கம்பெனியவே ஏரோப்ளேன்ல ஏத்தி உட்ட மாதிரி என்ன சிரிப்பு?" என்றாள் மனைவி பொன்னாத்தாள். "சாப்டானான்னு கேட்டீங்களா?"

"கேக்குல."

[இந்தப் பொன்னாத்தாள் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. எந்த மனைவியும் இவ்வளவு சரியான இடத்தில் வாய் திறப்பதில்லை. ஆனால் மருதாசலம் குரலை மாற்றி அவளைப் போலவே பேசிக் காட்டினார். அதனால் விட்டுவைத்திருக்கிறேன்.]

4

சிறிது நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டரைப் போட்டார்கள். இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

மருதாசலம் ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே நனைந்த பூனைக்குட்டி போல ஒரு பஞ்சு உருண்டை. புதிதில்லை. பனியன் துணி டீசலை வடிகட்டும்போது தன் பஞ்சையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும். அடைத்துக்கொள்ளும்போதெல்லாம் அவரே ஊதிச் சுத்தம் செய்து மாட்டுவார். ஒருநாளும் பயந்ததில்லை. நின்றுபோன ஜெனரேட்டர் கீழே விழுவதில்லை.

கையில் பஞ்சோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு போனுக்கு ஓடினார். லிங்கசாமி கொடுத்திருந்த விமான நிலைய நம்பர் நாலாவது தடவை கிடைத்தது. "மை சன், பிளேன், ஸ்டாப், ஸ்டாப்!" என்று கத்தினார். அந்தப் பக்கம் ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள்: "ஹி லெஃப்ட், சார்."

"என்னாச்சுங்க?" என்றாள் பொன்னாத்தாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குங்க அந்தப் பஞ்சக் கையில புடிச்சுட்டு நிக்கறீங்க?"

சொன்னார். பொன்னாத்தாள் அழவில்லை. திட்டவும் இல்லை. "போன் வயரு நல்லாருக்குதான்னு பாருங்க" என்றாள்.

5

'அந்த இரவில் அவர்கள் இருவரும்...'

வேண்டாம். பிள்ளைக்காகக் காத்திருந்தவர்களுக்கு அது தெரியும். மற்றவர்களுக்கு நான் எழுதியும் தெரியப்போவதில்லை.

முடிவு அ: நடுக்கடலில் எஞ்சின் இருமுகிறது. லிங்கசாமி உள்டேங்கை மூடிவிட்டு இறக்கை டேங்கைத் திறக்கிறான். அதில் பம்பிலிருந்து நேரே நிரப்பிய சுத்தமான பெட்ரோல். எஞ்சின் மறுபடி ஓடுகிறது. அடிவானத்தில் ஒரு தீவு. [ரொம்ப அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதால் கையெழுத்துப் போட மாட்டேன்.]

முடிவு ஆ: எஞ்சின் இருமுகிறது. நிற்கிறது. கீழே

[இதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வயதாகிவிட்டது.]

6

விடிந்து, பால்காரன் வந்துபோன பின் போன் அடித்தது.

"எடுங்க."

"நீ எடு. பெத்தவ நீதான?"

"துணி வெச்சு உட்டது நீங்கதானுங்க."

இருவரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது அடித்துக்கொண்டே இருந்தது.

மருதாசலம் பேக்கரியில் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு டீயைக் குடிக்க ஆரம்பித்தார். "யாருங்க எடுத்தது?" என்றேன். டம்ளரைக் கீழே வைக்கவில்லை. இன்னும் ஒரு பன் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். என் பின்னால் ரோட்டில் போகிற லாரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே, படிக்கிறவர்களே, ரிங் நிற்பதற்குள் நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: மருதாசலம் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை.