விதைப்புக்குப் போனவன்

ஹியூ டன்லாப் கர்னலாகி முழுசாக ஒரு மாசம்கூட ஆகவில்லை; அதற்குள் மனுஷனுக்கு எல்லாம் அலுத்துவிட்டது. மலைக்காட்டில் துப்பாக்கியும் கோடாலியுமாகத் திரிந்தவன். இங்கிலாந்து ராஜாவோடு சண்டை என்றதும் ஊர்ப் படையில் சேர்ந்தான். தலைவன் யார் என்று கேட்டபோது முதல் ஆளாக வந்து அவன் முதுகுக்குப் பின்னால் நின்றவன் டார்பி குவின். அவனைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். எங்கள் மலைப்பக்கம் கேப்டன் ஆவது அப்படித்தான். அப்புறம் மேலே இருந்தவர்கள் சாகச் சாக இவன் ஏறிக்கொண்டே போனான். பதவியாம், பெரிய பதவி!

அந்த டார்பிதான் சொல்லாமல் கொள்ளாமல் சோளம் விதைக்க வீட்டுக்குப் போயிருந்தான். மலைக்காரன் அதை ஓடிப்போவது என்றே நினைக்கமாட்டான். போவான், விதைப்பான், வந்துவிடுவான். ஆனால் ஊர்ப் படை இப்போது பட்டாளமாகிவிட்டது. சொல்லாமல் போனால் எல்லோர் முன்னாலும் கசையடி என்று மேலிடத்து உத்தரவு. கடற்கரைப் பக்கத்து ஆட்கள் இருவரைப் போன வாரம் ஹியூவே கட்டிவைத்து அடிக்கச் சொன்னான்.

காவலர்கள் டார்பியை ஹியூவின் கூடாரத்துக்குள் இழுத்து வந்தார்கள். தோளில் ஒரு மூட்டை.

"டேய் ஹியூ, இவனுங்ககிட்ட சொல்லுடா! திருடன் மாதிரி பிடிச்சுட்டு வரானுங்க."

"எங்கடா போய்த் தொலைஞ்சே?"

"விதைக்கத்தான், வேற எங்க? உன் நிலத்தைத்தான் முதல்ல முடிச்சேன். இந்தா, உம் பொண்டாட்டி சோள ரொட்டி குடுத்துவிட்டா. பாவம்டா, நீயும் வருவேன்னு பாத்துட்டிருந்தா. அது என்ன கோட்டு, மூச்சு விட முடியுதா?"

ஹியூ கூடார வாசலைப் பார்த்தான். வெளியே படையே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது. இவனை விட்டால், அடி வாங்கிய அந்த இரண்டு பேர் முகத்தில் எப்படி முழிப்பது? அடித்தால்... ஐயோ, இவனைப் போய் எப்படி அடிப்பது?

"உத்தரவு இருக்குடா, டார்பி."

"இருந்துட்டுப் போகட்டும். விதைப்புன்னு சொன்னா புரியாதா என்ன?"

ஹியூ ரொட்டி மூட்டையை வாங்கிக் கீழே வைத்தான். "கொண்டுபோய்க் கட்டுங்க," என்றான் காவலர்களிடம்.

வேடிக்கை என்று நினைத்து டார்பி சிரித்தான். சட்டையைக் கழற்றும்வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

அடி விழுந்து முடியும்வரை ஹியூ முகத்தைத் திருப்பவில்லை. அதையாவது செய்தானே. கட்டை அவிழ்த்ததும் தண்ணீரோடு அவனே போனான்.

"குடிடா."

டார்பி குடித்தான். குவளையைத் திருப்பிக் கொடுத்தான். நிமிர்ந்து நிற்கப் பார்த்தான், முடியவில்லை.

"நிலம் எப்படிடா இருக்கு?" என்றான் ஹியூ.

"நல்லா இருக்குங்க, கர்னல்," என்றான் டார்பி.