வெறும் தகடு

“இது துரு இல்ல மச்சான். பனி பட்ட ஈரம்.”

“ஈரம் செவப்பாவா இருக்கும், மாமா?”

“வெயில் ஏறட்டும், போயிடும்.”

“நேத்தும் இதையேதான் சொன்னீங்க. போச்சா? நீங்க ஆபீஸ் போயிட்டீங்க. நான்தான் உக்காந்து தேச்சேன்.”

கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் இருவரும் நின்று போட்ட சத்தம் இது. நான் காய்ந்துபோன துணியை மறுபடி உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். காதுக்குக் கதவா இருக்கிறது?

மாமா என்பவர் முதல் மாடித் தையல்காரியின் வீட்டுக்காரர். குடியிருப்பில் அவருக்கு ‘ஃபினிஷிங்’ என்று பெயர். எதைத் தொட்டாலும் “ஃபினிஷிங் முக்கியம்” என்பார்; அவர் எதையும் முடித்து மட்டும் யாரும் பார்த்ததில்லை. மச்சான், தையல்காரியின் தம்பி. வேலை போய், ஒரு மெத்தையைச் சுருட்டிக்கொண்டு அக்கா வீட்டு ஹாலுக்கு வந்து சேர்ந்தவன். ஹாலில் ஒரு வாலிபன் குப்புறக் கிடந்தால் எந்தப் பெண் அளவு கொடுக்க வருவாள்? தையல் மெஷின் சமையலறைக்குப் போனது, வாடிக்கைக்காரிகள் அடுத்த தெருவுக்குப் போனார்கள்.

அதற்கு மருந்தாகத்தான் இந்தப் பழைய மெரூன் கார் வந்தது. டாக்ஸி கம்பெனிக்கு வெள்ளைக் கார்தான் வேண்டும். மாதக் கடைசிக்குள் கொண்டுவந்து காட்டச் சொல்லிவிட்டார்கள். காட்டினால் தம்பிக்குப் பிழைப்பு. பிழைப்பு வந்தால் அவன் தனியாக ஒரு அறை பார்ப்பான், அக்காவுக்கு ஹால் திரும்பும்.

மேலாக உரசிவிட்டு அடித்துவிடலாம் என்றார் பெயின்டர். ஃபினிஷிங் ஒப்புக்கொள்ளவில்லை. தகடு தெரியும்வரை உரித்தே தீர வேண்டுமாம். பெயின்டை இளக்கும் ரிமூவரைப் பூசினார், மெரூன் கொப்பளித்துச் சுருண்டது, சுரண்டியால் தள்ளினால் அடியில் பச்சை. பச்சையையும் தள்ளினால் இடது கதவில் பாதிக்குமேல் ஒடுங்கலை மறைத்து அப்பிய பட்டி. “ஒரு கீறல் படாத வண்டி” என்று தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தவர் இவரேதான். அதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

உரித்த தகட்டுக்குத் துரு பிடிக்காமல் அன்றைக்கே பிரைமர் அடித்திருக்கலாம். அதற்கும் மாட்டேன் என்றார். கதவு கதவாக அடித்தால் திட்டுத் திட்டாகத் தெரியுமாம், முழுக்க உரித்தபின் ஒரே மூச்சில் அடிக்க வேண்டுமாம். பின்பக்கம் உரித்து முடிப்பதற்குள் பானெட்டில் துரு. பானெட்டை உப்புத்தாளால் தேய்த்து நிமிர்ந்தால் டிக்கியில் துரு. காரைச் சுற்றிச் சுற்றி வந்ததில் அவர் இடுப்புதான் தேய்ந்தது.

தையல்காரி வாயில் ஊசியோடு இறங்கி வந்தாள். ஊசியை எடுத்துச் சேலையில் குத்திக்கொண்டாள்.

“என்னங்க, இது கார் ஆகுமா ஆகாதா?”

“அவசரப்பட்டா ஃபினிஷிங் வராது.”

“நான் அடுப்புப் பக்கத்துல உக்காந்து தைக்கிறேன். நேத்து ஒரு கவுன் தாளிச்ச வாசனையோட போச்சு. போட்டுக்கிட்டவ திருப்பிக் கொண்டாந்து மூஞ்சில எறியாத குறை.”

“இன்னும் ஒரு வாரம்.”

“போன வாரமும் அந்த ஒரு வாரத்தைத்தான் கேட்டீங்க.”

மறுநாள் அவர் ஆபீஸ் போனதும் அக்காவும் தம்பியும் கீழே இறங்கினார்கள். தம்பி துருவைத் தேய்க்க, அவள் தின்னரில் துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டே வந்தாள். துணி வெட்டுகிற கைக்குப் பெயின்ட் ரோலர் உருட்டுவது என்ன பெரிய காரியம்? சாயங்காலத்துக்குள் கார் முழுக்கச் சாம்பல் நிறப் பிரைமர்.

“மாமா திட்டுவார்க்கா,” என்றான் தம்பி.

“திட்டட்டும். நீ ஹால்ல படுத்து கேட்டுக்கிட்டிரு, இல்ல சீக்கிரம் கிளம்பு.”

ஃபினிஷிங் வந்தார். பையைக் கீழே வைக்காமலே காரின் கூரையை நகத்தால் நிரடினார்.

“ரோலர் தடம் தெரியுது. திரும்ப உரிக்கணும்.”

“உரிங்க,” என்றாள் அவள். “ஆனா இன்னைலேர்ந்து என் தம்பி கட்டில்ல படுப்பான், நீங்க மெத்தையை எடுத்துட்டு வந்து இந்தக் காருக்குள்ள படுங்க. உரிக்க வசதியா இருக்கும்.”

அவர் மேலே ஏறிப் போனார். சுரண்டியை மட்டும் விடவில்லை, கையோடு கொண்டுபோனார். விடிந்ததும் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துத் தம்பி வண்டியைப் பெயின்டரிடம் ஓட்டிப் போய்விட்டான். வெள்ளை அடித்ததும் தடம் தெரியவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவருக்கு மட்டும் தெரிந்தது. கம்பெனிக்காரர்கள் கூரைப்பக்கமே பார்க்கவில்லையாம்.

தம்பி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துக்கொண்டு போனான். தினமும் அவன் வண்டியில் ஏறிய பல் ஆஸ்பத்திரி நர்ஸையே கட்டிக்கொண்டான். கல்யாண உடை அக்கா தைத்தது, ஹாலில் உட்கார்ந்து. பெயின்டர் தன் மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு அவள் ஊருக்கே போய்விட்டார். ஃபினிஷிங் பேசும் பேச்சைத் தாங்க முடியாமல் போனார் என்று சொல்கிறார்கள்; நான் நம்பவில்லை, ஆனால் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன்.