மழை நாளில் வார்னிஷ் அடித்தவர்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பல் கட்டிக்கொள்ளப் போன இடத்தில் கிடைத்தது. பொய்ப்பல் செய்கிறவர் என் பல்லின் நிறம் பார்க்க வந்தார். வெள்ளையில் பதினாறு வகை வைத்திருந்தார். ஒவ்வொன்றாக என் பல்லருகே பிடித்துப் பார்த்துக்கொண்டே தன் மனைவியைப் பற்றிச் சொன்னார். வாயைத் திறந்து வைத்திருந்ததால் என்னால் குறுக்கே பேச முடியவில்லை. கதை கேட்க அதைவிடத் தோதான நிலை கிடையாது.

இதை எழுத உட்கார்ந்தபோது முதலில் இப்படித் தொடங்கினேன்: "சிவப்பு என்பது ரத்தத்தின்..."

வேண்டாம். அதை எழுதாதவர் யார்?

2

பல்காரரின் மனைவி லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் தளபதி. மேசை மேல் அரை விரல் உயரப் பிளாஸ்டிக் சிப்பாய்களை நிறுத்தி, பகடை உருட்டிப் போர் ஆடும் சங்கம் ஒன்று இருக்கிறது. அங்கே அவளைக் கண்டால் பெரிய பெரிய மீசைகளே வேறு மேசை தேடிப் போகும். சிப்பாய்களுக்குப் பெயின்ட் அடிக்க மட்டும் அவளுக்கு வராது. அது அவர் வேலை. (ஜாடிக்கேற்ற மூடி என்று எழுதி அடித்தேன். பிறகு அடித்ததற்காக வருத்தப்பட்டேன்.)

நடுவில் எட்டு மாதம் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். என்ன நோய் என்று அவர் சொன்னார். நான் சொல்லப் போவதில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"எனக்குப் புதுப் படை வேணுங்க. நல்ல பளீர்னு சிவப்பு. எட்டு மாசமா சுவரு, போர்வை, மாத்திரை, எல்லாமே வெள்ளை. போதும்டா சாமி."

(கதாசிரியனுக்கு வசதியாக ஒரு பாத்திரம் பேசினால் நான் சந்தேகப்படுவேன். அவள் அப்படித்தான் சொன்னாளாம். நான் என்ன செய்ய?)

3

சிவப்பு லேசில் பிடிகொடுக்காது. முதலில் கறுப்பு அடிப்பூச்சின் மேல் அடித்தார்.

"என்னங்க இது, ஈரல் மாதிரி இருக்கு?" என்றாள்.

மொத்தத்தையும் உரித்துவிட்டு, ரோஸ் நிறத்தில் அடிப்பூச்சு கொடுத்து, அதன்மேல் நீர்க்கக் கரைத்த சிவப்பை நான்கு முறை பூசினார். ஓரங்களில் நூலளவு ஆரஞ்சு. ஆறு வாரமாயிற்று. இருபத்திரண்டு சிப்பாய்களும் அலமாரியில் வரிசையாக நின்றபோது கண்ணைப் பறித்தது.

4

பாக்கியிருந்தது, பெயின்ட் உரியாமலிருக்க மேலே ஒரு பூச்சு வார்னிஷ். சனிக்கிழமை மதியம், வெளியே அடைமழை. ஈரக்காற்றில் ஸ்ப்ரே வார்னிஷ் அடிக்கக் கூடாது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் மறுநாள் பத்து மணிக்கு ஆட்டம், அவள் எழுந்து வந்தபின் முதல் ஆட்டம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. பால்கனியில் நின்று அடித்தார். பத்தே நிமிடத்தில் வார்னிஷில் ஈரம் ஏறி இருபத்திரண்டும் வெளுத்துப்போய்விட்டன.

"என் சர்வீஸ்ல பார்க்காத பதினேழாவது வெள்ளை சார் அது" என்றார் என்னிடம்.

என் முதல் பிரதியில், இந்த இடத்தில் அவளைச் சாகடித்தேன். வெளுத்த படையை அவள் அபசகுனமாக எடுத்துக்கொள்ள, அன்றிரவே மறுபடி காய்ச்சல் வந்து, ஆம்புலன்ஸ்...

கிழித்துப் போட்டேன். மனிதர் சிரித்துக்கொண்டே அல்லவா சொன்னார்! ஊரார் மனைவியைக் கொன்று நான் பெயர் வாங்க வேண்டுமா?

5

நடந்தது இதுதான். எங்கே மறைப்பது என்று அவர் யோசிப்பதற்குள் அவள் பின்னால் வந்து நின்றாள்.

"மழையில யாராவது வார்னிஷ் அடிப்பாங்களா?"

அவர் அழுதார். அந்த எட்டு மாதத்தில் ஒருமுறைகூட அழாதவர், பிளாஸ்டிக் சிப்பாய்களுக்காகத் தேம்பித் தேம்பி அழுதார். "வெள்ளை வேணாம்னுதானே சொன்னே... நான் போய்..."

அவள் ஒரு சிப்பாயை எடுத்தாள். எச்சில் தொட்டு அதன் நெஞ்சில் தேய்த்தாள். விரல் பட்ட இடத்தில் சிவப்பு எட்டிப் பார்த்தது.

"உள்ள அப்படியே இருக்குங்க. மேலதான் வெளுத்திருக்கு. பாருங்களேன்."

பார்த்தார். அதற்குப் பிறகுதான் கைக்கு வேலை ஞாபகம் வந்தது. பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் பூசினால் வெளுப்பு அடங்கிவிடும். உட்கார்ந்து ஆளுக்குப் பதினொன்று பூசினார்கள். அவள் பூசியதில் வார்னிஷ் வழிந்தது. அவர் பார்க்காததுபோல் தன் சிப்பாயைப் பூசிக்கொண்டிருந்தார். விளக்குப் போடும் நேரத்துக்குள் ஒவ்வொன்றாகச் சிவப்பு திரும்பி வந்தது. இதை எழுதும்போது எனக்கே அப்பாடா என்றிருக்கிறது.

6

மறுநாள் எதிரே உட்கார்ந்த மீசை கேட்டது: "என்னக்கா இப்படி மின்னுது? இன்னும் காயலையா?"

"நேத்தே காஞ்சிடுச்சு தம்பி. கண்ணு கூசினா சொல்லு, திரும்பி உட்காரலாம்."

பகடையைக் கையில் எடுத்துக் குலுக்கினாள்.

இந்த இடத்தில் பல் டாக்டர் உள்ளே வந்துவிட்டார். ஜெயித்தாளா என்று எனக்குத் தெரியாது. ஜெயிப்பதாக ஒன்று, தோற்பதாக ஒன்று என இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொய். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தோற்கடித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. படை மொத்தமும் மேசையில் மண்ணைக் கவ்வட்டும். ஒரே ஒரு நிபந்தனை: அடுத்த ஞாயிறும் அவள் ஆட வர வேண்டும்.