மஞ்சள் ஏறிய பட்டை

வள்ளிக்குக் காய்ச்சல் என்றது போன். வள்ளியோ கல்பனாவின் இடுப்பில் ஒரு முட்டு முட்டி, மருந்துத் தண்ணீர் இருந்த புட்டியைத் தட்டிவிட்டு, கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது.

"நோவு வந்த கன்னா இது?" மாமனார் தணிகாசலம் கம்பத்தில் சாய்ந்து சிரித்தார். "உன் போனுக்குத்தாம்மா ஜுரம். அதுக்கு ஒரு ஊசி போடு."

கல்பனா சிரிக்கவில்லை. போன மழைக்காலத்தில் ஒரு கன்று கழிச்சல் கண்டு செத்தது. அப்போது அவள் பொதட்டூர்பேட்டையில் அம்மா வீட்டில் இருந்தாள். கன்றுகள் அவள் பொறுப்பு என்பதால் பழியும் அவளுக்கே வந்தது. "மருமவ அம்மா வூட்டுக்குப் போனா, கன்னு ஒரேயடியா போயிடுச்சி" என்று மாமியார் சுலோச்சனா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம்தான் கல்பனா அடம்பிடித்து இந்தக் கழுத்துப் பட்டைகளை வாங்கினாள். பட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு டப்பா. கன்றின் சூட்டையும் நடமாட்டத்தையும் அது போனுக்கு அனுப்பும். சுகமாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. இனிமேல் இந்த வீட்டில் ஒரு கன்று சாகாது என்று எல்லார் முன்னாலும் சொல்லி வைத்திருந்தாள். அந்த வார்த்தைதான் இப்போது அவளைப் பிடுங்கியது.

காணும் பொங்கல் என்பதால் மாட்டு டாக்டர் ஊரில் இல்லை. போனில் கிடைத்தவர், "மொதல்ல தர்மாமீட்டர் வெச்சிப் பாரும்மா" என்றார். வைத்துப் பார்த்தாள். வள்ளியின் உடம்பில் சூடு சரியாக இருந்தது. போனில் மட்டும் வள்ளி சிவப்பாகவே நின்றது. இன்னொரு கன்று தெய்வானை பச்சை.

"அந்தப் பெல்ட்ட அவுத்துக் கெடாசும்மா" என்று சொல்லிவிட்டு மாமனார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

அவிழ்க்கத்தான் குனிந்தாள். பட்டைக்கு அடியில், கழுத்து மயிரில் மஞ்சள் அப்பியிருந்தது. நேற்று மாட்டுப் பொங்கலுக்குக் கன்றுகளைக் குளிப்பாட்டி மஞ்சள் பூசியது மாமியார். பட்டை கழுத்திலேயே இருந்திருந்தால் அதனடியில் எப்படி மஞ்சள் ஏறும்?

"அத்த, நேத்து பெல்ட்ட அவுத்தீங்களா?"

சாணிக் கூடையோடு சுலோச்சனா நின்றாள். "ஆங். தண்ணி பட்டா கெட்டுப்பூடும்னு அவுத்து வெச்சேன். உன் சாமானாச்சேன்னு முந்தானைல தொடச்சித்தான் திரும்பக் கட்டினேன். ரெண்டும் ஒண்ணு மாதிரிதான கீது?"

அப்படித்தான் இருந்தன. கல்பனாவின் பார்வை மூலைக்குப் போனது. வைக்கோலோடு வைக்கோலாகத் தெய்வானை படுத்திருந்தது. வள்ளி தன் சாமந்தி மாலையை நேற்றே தின்று தீர்த்துவிட்டது. தெய்வானையின் மாலை ஒரு பூக்கூடக் குறையாமல் கழுத்தில் கிடந்தது. 'இதாச்சும் அடக்கமா கீதே' என்று காலையில்தான் மாமியார் மெச்சினாள்.

ஓடிப்போய் அதன் காதைத் தொட்டாள். கொதித்தது. வாலெல்லாம் கழிச்சல். "நான் கெளம்பி வரேன், அதுவரைக்கும் தண்ணி எறங்கட்டும்" என்றார் போனில் டாக்டர். கல்பனா கன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். சுலோச்சனா புட்டியை நிரப்பிக் கொண்டுவந்தாள்.

"இன்னா இது?" தணிகாசலம் திரும்பி வந்து நின்றார். "இதுக்குப் பச்சைன்னுதான சொன்ன?"

"பெல்ட்டு மாறிப்பூடுச்சி மாமா."

"யார் மாத்தினது?"

சுலோச்சனா தலையைத் தூக்கவில்லை. அந்தத் தெருப் பேச்சு மொத்தமும் கல்பனாவின் தொண்டைவரை வந்தது.

"குளிப்பாட்டுறப்ப மாறியிருக்கும். நான் பாத்திருக்கணும்" என்றாள்.

அவர் முனகிக்கொண்டே போனார். சுலோச்சனா எழுந்து போய் வள்ளியின் கழுத்திலிருந்த பட்டையை அவிழ்த்தாள். தன் புடவை ஓரத்தைக் கிழித்து, அடையாளத்துக்குப் பட்டையில் ஒரு முடிச்சுப் போட்டாள்.

"இது தெய்வானையோடதுதான? பாத்துச் சொல்லும்மா."

"ஆங், அத்த."

இருவருமாகத் தெய்வானையின் கழுத்தைத் தூக்கி, மாறிப்போனதை அவிழ்த்துவிட்டு அதைக் கட்டினார்கள். புட்டியின் வாயைத் தெய்வானை இன்னும் பிடிக்கவில்லை. தண்ணீர் கல்பனாவின் புடவையில் வழிந்துகொண்டிருந்தது. அதற்குள் வள்ளி நைசாக வந்து, தெய்வானையின் மாலையிலிருந்து ஒரு பூவைக் கவ்வி இழுத்தது.

தெய்வானையின் காது, மெதுவாக, ஒரு தரம் அசைந்தது.