நாலு கட்டத்தில் ஒன்று

காலை பத்தே காலுக்குத் தொலைபேசி அடித்தபோது அவர் அடித்துப் போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தார். இரவெல்லாம் ரொட்டித் தொழிற்சாலையில் ஓவன் முன்னால் நிற்கிறவருக்குப் பத்து மணி என்பது மற்றவர்களின் நடுச்சாமம். எடுக்காமல் விட்டிருக்கலாம். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடுகிறாளோ என்ற பயத்தில் கண்ணைத் திறக்காமலே எடுத்தார்.

ஜலதோஷம் பிடித்த ஒரு பெண் குரல், மகளின் பெயரைச் சொல்லி, "அவங்க அப்பாதானே?" என்றது. கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்திலிருந்து பேசுகிறாளாம்.

அவர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். ஆறு மாதமாக வீட்டில் இதைத் தவிர வேறு கவலை இல்லை. இடம் கிடைத்தாலும் உதவித்தொகை கிடைக்காவிட்டால் அந்தக் கல்லூரி வாசலைக்கூட மகள் மிதிக்க முடியாது.

"ஆமாங்க, சொல்லுங்க."

"ஒரே ஒரு கடிதம் பாக்கி சார். நீங்க எங்க குடியிருக்கீங்க, மகளுக்கு ஏதாவது அனுப்பறீங்களான்னு எழுதி வெள்ளிக்கிழமைக்குள்ள தரணும். பெத்தவங்க பிரிஞ்சு இருந்தா ரெண்டாவது ஆளோட கடிதம் இல்லாம நாங்க கோப்பை மேல அனுப்ப முடியாது."

"யாரு பிரிஞ்சு இருக்கறது?"

மறுமுனையில் ஒரு தும்மல். தாள் புரளும் ஓசை. "நீங்களும் உங்க மனைவியும் சார்."

அவர் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். கட்டிலின் அந்தப் பாதியில் மனைவி மடித்து வைத்துவிட்டுப் போன போர்வை இருந்தது. தலையணை மேல் அவளுடைய கொண்டை ஊசி ஒன்று கிடந்தது.

"தப்பான நம்பருக்குப் போட்டுட்டீங்கம்மா."

அவள் பொறுமையாகக் கதவு எண்ணைப் படித்தாள். தெருவைப் படித்தாள். மூன்றாவது மாடி என்றாள்.

"அந்த வீட்டுலதாங்க நான் இப்ப உக்காந்திருக்கேன்."

அந்தப் பக்கம் தாள்களை அடுக்கி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண், கண்ணாடிப் பாத்திரத்தைக் கீழே வைக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்: "வீட்டுல பேசிட்டு வெள்ளிக்கிழமை நேர்ல வாங்க சார்."

அதற்குமேல் தூக்கம் எங்கே வரும்? அலமாரியில் மகள் விண்ணப்பத் தாள்களைப் போட்டு வைத்திருந்த நீலக் கோப்பை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பிரித்தார். சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தன. அவள் அம்மாவின் கை அப்படி. மகளுக்கும் அதே கை. விண்ணப்ப நகலின் மூன்றாம் பக்கத்தில் 'பெற்றோர்' என்ற தலைப்பின் கீழ் நான்கு கட்டங்கள். சேர்ந்து வாழ்கிறார்கள். பிரிந்து வாழ்கிறார்கள். விவாகரத்து ஆனவர்கள். ஒருவர் காலமாகிவிட்டார்.

இரண்டாவது கட்டத்தில் ஒரு சின்னக் கறுப்புக் குறி. பக்கத்தின் அடியில் மனைவியின் கையெழுத்து.

அவர் பேயறைந்தவர் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காலமாகிவிட்டார் என்ற கட்டத்தில் போட்டிருந்தால்கூட இவ்வளவு தூக்கிவாரிப் போட்டிருக்காது. அதைக் கைதவறிய பிழை என்று சிரித்துவிடலாம்.

ஒருவர் வேலையில், மற்றவர் வீட்டில் என்பது பதினேழு வருடத்துக்கு முன்னால் இருவரும் இதே மேசையில் உட்கார்ந்து போட்ட ஏற்பாடு. குழந்தை ஒரு நிமிடம்கூட யாரோ ஒருவர் கையில் வளரக் கூடாது. அவளுக்கு மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் பகல் வேலை. அவர் இரவு வேலைக்கு மாற்றிக்கொண்டார். காலை ஆறரைக்கு அவர் படியேறும்போது அவள் படியிறங்குவாள். மாலை ஆறுக்கு அவள் ஏறும்போது அவர் இறங்குவார். "பால் தீந்துடுச்சு." "பாப்பாவுக்கு இருமல்." அவ்வளவுதான் பேச நேரம். மற்றதெல்லாம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் சீட்டுகளில். அவளுக்கு ஞாயிறு விடுமுறை. ரொட்டிக்கு ஞாயிறு கிடையாது. அவருக்குச் செவ்வாய் இரவு ஓய்வு. ஆனால் பழகிய உடம்பு இரவில் தூங்காது. கூடத்தில் தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார்.

தொழிற்சாலையில் அவருக்கு ஆந்தை என்று பெயர். மாவு பிசைகிற கூட்டாளி ஒருமுறை, "உங்களுக்குள்ள கல்யாணம் நடந்துச்சா, இல்ல ஷிப்ட் மாத்திக்கிட்டீங்களா?" என்று கேட்டான். அந்தக் கேலியை அவரே பத்துப் பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

மூன்றே முக்காலுக்கு மகள் வந்தாள். மேசையில் கோப்பு விரிந்து கிடப்பதைப் பார்த்ததும் பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றுவிட்டாள்.

"தூங்கலையாப்பா?"

"காலேஜ்லேர்ந்து போன் வந்துச்சு. இது என்ன பாப்பா?" அவர் விரல் அந்தக் கட்டத்தின் மேல் இருந்தது.

அவள் பார்த்தாள். முகத்தில் அகப்பட்டுக்கொண்ட களை எதுவும் இல்லை. அதுதான் அவருக்கு முதலில் உறுத்தியது.

"அப்படிப் போட்டா கூடக் கிடைக்கும்னு யாராவது சொன்னாங்களா? பணத்துக்காகப் போட்டியா?"

ஆமாம் என்று சொல்லிவிடு என்று அவர் மனம் கெஞ்சியது. பொய் சொன்னாய் என்று திட்டலாம். திட்டி முடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் திருத்திவிட்டு வரலாம்.

"இல்லப்பா. அப்ப பணம் ஞாபகத்துலயே இல்ல. கேள்வி வந்துச்சு, போட்டேன். அடுத்த கேள்விக்குப் போயிட்டேன்."

"போட்டியா? ஒரே வீட்டுல இருக்கோம், பாப்பா!"

"இருக்கீங்க. ஆனா கேள்வி அது இல்லையே." அவள் குரல் உயரவில்லை. "அம்மா இருக்கும்போது நீங்க இருக்க மாட்டீங்க. நீங்க இருக்கும்போது அம்மா இருக்க மாட்டாங்க. என் பிரண்டுக்கு அப்பா அம்மா பிரிஞ்சுட்டாங்க. பாதி நாள் அங்க, பாதி நாள் இங்க. எனக்கும் அதேதான், பெட்டி தூக்க வேண்டியதில்ல, அவ்வளவுதான். நான் சண்டைக்குச் சொல்லலப்பா. எனக்கு ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு."

நல்லாத்தான் இருந்துச்சு. அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பதினேழு வருடம் மகளைத் தனியாக விடாமல் காத்ததாக நினைத்திருந்தார். அவள் தனியாக விடப்படவில்லைதான்.

"அம்மா இதைப் படிச்சாங்களா?"

"ஒரு வாரம் வச்சிருந்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டாங்க." சொல்லிவிட்டுப் பையோடு உள்ளே போனாள். கதவை அறைந்து சாத்தியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். சத்தமில்லாமல் சாத்தினாள்.

ஐந்தரை ஆயிற்று. அவர் மேஸ்திரியைக் கூப்பிட்டு இன்று வரவில்லை என்றார். "யாருக்கு என்ன ஆச்சு ஆந்தை?" என்று மேஸ்திரி பதறினார். ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று இவர் சொன்னதை மேஸ்திரி நம்பியதாகத் தெரியவில்லை.

ஆறு மணிக்கு மனைவி படியேறும் சத்தம் கேட்டது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அது நின்றது. அவர் இறங்கி வருவதற்காக அங்கே சுவரோரம் ஒதுங்கி நின்றிருப்பாள். வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள். பிறகு தடதடவென்று ஓடி வரும் சத்தம். கதவைத் திறந்தவள் மேசையில் உட்கார்ந்திருக்கும் கணவரைக் கண்டதும் முகம் வெளுத்துப்போனாள்.

"என்னாச்சு? பாப்பா எங்க?"

"உள்ளதான் இருக்கா. உக்காரு."

"யாருக்கு என்னன்னு சொல்லுங்க மொதல்ல!"

தான் வீட்டில் இருப்பதைக் கண்டு மனைவி இப்படி அரண்டுபோகிறாளே என்று அவருக்கு உறைத்தது. மூன்றாம் பக்கத்தை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் பார்த்தாள். மூச்சு அடங்கியது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். சலவைக் கூடத்து நீராவியில் அவள் விரல் நுனிகள் சுருங்கி வெளுத்திருந்தன. எப்போதிருந்து இப்படி இருக்கின்றன என்று அவருக்குத் தெரியவில்லை.

"படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டியா?"

"படிச்சேன்."

"படிச்சுட்டு எப்படிப் போட்ட?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது குற்ற உணர்ச்சி இல்லை, திகைப்பு. "என்ன கேக்கறீங்க? நீங்கதானே சரின்னு சொன்னீங்க?"

"நானா?"

கைப்பையைத் திறந்தாள். நாலாக மடித்த தாள்களை எடுத்து மேசையில் பிரித்தாள். விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் நிரப்பிப் பார்த்த முதல் நகல். மேலே அவள் கையெழுத்தில் ஒரு மஞ்சள் சீட்டு: 'மூணாம் பக்கம் பாருங்க. பாப்பா போட்டிருக்கறது சரியா? எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க.'

அதற்குக் கீழே பென்சிலில், அவருடைய கையெழுத்தில்: 'சரி.'

அவருக்கு ஞாபகம் வந்தது. அதாவது, ஒன்றும் ஞாபகம் வரவில்லை. காலையில் வந்ததும் கண் எரிய எரியக் குளிர்சாதனப் பெட்டியின் முன்னால் நின்று, இருக்கிற சீட்டுக்கெல்லாம் வரிசையாகச் 'சரி' என்று எழுதிவிட்டுப் படுக்கப் போவது அவர் வழக்கம். சோப்பு வாங்கணும், சரி. குழாய்க்காரர் வருவார், சரி. எத்தனையோ வருடமாக அப்படித்தான். எழுதாவிட்டால் அவள் கவலைப்படுவாளே என்றுதான் அதைக்கூட எழுதினார்.

"நான் படிக்கல," என்றார். சீட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். மறுபடி சொன்னார். "நான் இதைப் படிக்கவே இல்ல."

அவள் கை தானாக எழுந்து வாயைப் பொத்திக்கொண்டது.

"மூணு வாரம்," என்றாள், கைக்குள்ளிருந்து. "மூணு வாரமா இந்தச் சீட்டைப் பையில வச்சுக்கிட்டு அலையறேன். அதுக்கு முன்னாடி, அழிச்சுட்டு வேற எழுதுவீங்கன்னு ஒரு வாரம் கதவுலயே விட்டு வச்சுப் பாத்தேன். படியில எதிர்ல வரும்போது ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு பாத்தேன். நீங்க கேஸ் சிலிண்டர் எப்ப வரும்னு கேட்டீங்க."

"நீ என்னைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனே! எழுதித்தானே கேக்கணும் இந்த வீட்டுல? பதில் வந்துடுச்சு. அதுக்கு மேல எதைக் கேக்கறது? சரின்னு ஒத்துக்கிட்ட மனுஷன்கிட்ட, எதுக்குச் சரின்னீங்கன்னு படியில நின்னு கேக்கவா?"

மூன்று வாரமாக அவள் தலைகுனிந்து இறங்கிப் போவதைப் பார்த்திருக்கிறார். முழங்கால் வலி போல என்று நினைத்துக்கொண்டார். தைலம் வாங்கி வைத்து, 'தடவிக்கோ' என்று ஒரு சீட்டும் எழுதினார்.

வெளிச்சம் மங்கி அறை இருண்டது. விளக்கைப் போட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மகள் அறைக் கதவைப் பாதி திறந்து பார்த்துவிட்டு, இருவரும் ஒரே மேசையில் இருட்டில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, விளக்கைப் போடாமலே திரும்பிப் போனாள்.

வெள்ளிக்கிழமை மூவரும் போனார்கள். உதவித்தொகை அலுவலகத்துப் பெண்ணுக்கு ஜலதோஷம் இன்னும் விடவில்லை. விவரம் முழுவதையும் கேட்டாள். யாரையும் குற்றம் சொல்லவில்லை, ஒளித்தும் பேசவில்லை.

"மாத்தினா ரெண்டு பேர் சம்பளமும் சேந்துடும். படிப்புக் கட்டணத்துக்கு உதவி கிடைக்கும். விடுதிக்குக் கிடைக்காது. பிரிஞ்சு இருக்கறதா விட்டீங்கன்னா, சார் ஒரு கடிதம் எழுதணும், எங்க இருக்கார்னு. அது பொய்க் கடிதமா இருந்தா இடமே போயிடும். எப்படின்னாலும் திருத்தத்துல கையெழுத்துப் போட வேண்டியது மாணவிதான்."

விடுதி இல்லை என்றால் பேருந்தில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். மகளின் கண்கள் நிறைந்தன. ஆறு மாதமாக அவள் விடுதி அறைக்கு எந்த நிறப் போர்வை வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும். சீட்டில் எழுதியிருந்தாள், அதற்கும் அவர் சரி போட்டிருந்தார்.

"மாத்திடு பாப்பா," என்றார்.

"இவ்வளவு வருஷம் இல்லாம இப்ப மட்டும் எதுக்குப்பா?"

மனைவி பேனாவின் மூடியைக் கழற்றி மகள் பக்கம் நீட்டினாள். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பழைய குறியை அடித்தாள், முதல் கட்டத்தில் குறியிட்டாள், ஓரத்தில் கையெழுத்துப் போட்டாள். அலுவலகத்துப் பெண் முத்திரையைக் குத்தினாள். மூன்று பேரும் அந்தச் சத்தத்துக்குத் துணுக்குற்றார்கள்.

வெளியே பகல் பன்னிரண்டு மணி. வெயிலில் கண் கூசியது. மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பத்தடி முன்னால் நடந்தாள். நடைபாதை குறுகலாக இருந்தது. ஒருவருக்கு ஒருவர் வழிவிட்டே பழகிய இருவரும் ஒரே சமயத்தில் சுவரோரம் ஒதுங்கினார்கள், ஒரே சமயத்தில் நகர்ந்தார்கள், தோள் இடித்துக்கொண்டார்கள்.

"என்னங்க," என்றாள் அவள், மகளுக்குக் கேட்காத குரலில். "அவளுக்கு விடுதி போச்சு. நீங்க ஏன் மாத்தச் சொன்னீங்க? பொய்க் கடிதம் எழுத பயமா?"

ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டினார்கள். இன்னொன்றையும் தாண்டினார்கள்.

"அவ போட்ட குறி பொய்யா இருந்திருந்தா விட்டிருப்பேன்," என்றார்.

அவள் நின்றுவிட்டாள். அவரும் நின்றார். சலவைக் கூடத்தில் இந்நேரம் அவளுக்குச் சாப்பாட்டு மணி அடித்திருக்கும். மதியத்தில் அவள் என்ன சாப்பிடுவாள், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

கேட்டார்.